இரண்டு கட்டத்துக்குள் அடங்காத கடிதம்

விவாதப் பக்கத்துக்கு வரும் கடிதங்களைச் சுருக்குவது எப்படி என்று எழுதித் தரும்படி, நாளிதழில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் ஒருவர் கேட்டிருந்தார். சுருக்கும் முறையை ஒரு மாதத்தில் நீங்களே கற்றுக்கொள்வீர்கள். அதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. நான் சுருக்கிய ஒரு கடிதத்தால் என்ன நேர்ந்தது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் திருந்துவீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதவில்லை. நானே இதற்கு முன்னால் பல எச்சரிக்கைகளைப் படித்தவன்தான்.

மதுரையில் எங்கள் நாளிதழின் ஞாயிற்றுக்கிழமை விவாதப் பக்கத்தை இருபது ஆண்டுகளுக்கு மேல் நான் பார்த்துக்கொண்டேன். பக்கத்தின் தலையில் ஒரு கேள்வி இருக்கும். அதன் கீழே இரண்டு கட்டங்கள்: இடப்பக்கம் ‘வேண்டும்’, வலப்பக்கம் ‘வேண்டாம்’. இரண்டும் ஒரே நீளம், ஒரே அகலம், ஒரே எழுத்து அளவு. ஒன்றில் ஒரு வரி கூடினால் மற்றதிலும் ஒரு வரி கூட வேண்டும். இல்லையேல் கூடியதை வெட்ட வேண்டும்.

இந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் எனக்குத் தொழில் கற்பித்த ஆசிரியர். அவருக்கு அதற்கான காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோவில் திருவிழாவில் முதல் மரியாதை எந்தத் தெருவுக்கு என்று இரண்டு தெருக்காரர்களுக்குள் தகராறு. இரு தரப்பின் பேச்சையும் வெளியிட்டோம். மறுநாள் காலை இரண்டு கூட்டமும் எங்கள் வாசலுக்கு வந்துவிட்டது. ஒருவர் மேசை மேல் இருந்த அடிக்கோலை எடுத்து, இரண்டு செய்திகளையும் மேலிருந்து கீழாக அளந்தார். சரியாக இருந்தது. “சரி, போவோம்” என்று கூட்டத்தைத் திருப்பிக்கொண்டு போனார். அரை விரல் கூடியிருந்தால் முன்பக்கக் கண்ணாடி மிஞ்சியிருக்காது. அவர்கள் தெருமுனையைத் தாண்டியதும் ஆசிரியர் என்னிடம் சொன்னார்: “எவன் சொல்றது சரின்னு நிறுத்துப் பாக்கிறது நம்ம வேலை இல்ல. அளந்து போடு. அது போதும்.”

அந்தச் சொல்லை நான் உபதேசமாக எடுத்துக்கொண்டேன். விடியலில் நீராடி, நீறு அணிந்து, சன்னதியில் நின்று பதிகம் ஓதிவிட்டு அலுவலகம் போவது என் வழக்கம். ஆணும் பெண்ணும் ஒரே திருமேனியில் சரிபாதியாக நிற்கும் கோலத்தைப் பாடும் நாட்களில், என் பக்கத்தின் இரண்டு கட்டங்களும் மனத்தில் வந்து போகும். என் தொழிலும் ஒருவகை வழிபாடுதான் என்று எண்ணிக்கொள்வேன். அங்கே இரண்டு பாதியும் சேர்ந்து ஓர் உடம்பு. நான் செய்ததோ ஓர் உடம்பை இரண்டாக அறுக்கும் வேலை. இந்த வேறுபாடு அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மரியாதைத் தகராறுக்குப் பொருந்திய அளவுகோல் மழைக்குப் பொருந்தவில்லை.

வெயிலும் மழையும் மாறிவருவது குறித்து மக்கள் பேசத் தொடங்கிய பிறகு அந்தப் பொருளும் என் பக்கத்துக்கு வந்தது. நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் குடியிருந்த பேராசிரியை ஒருவர் மழையை ஆராய்பவர். வட்டாரத்தில் பல இடங்களில் மழைமானி வைத்து, ஆண்டுக்கணக்கில் குறிப்பெடுத்து வந்தார். அவரிடம் கட்டுரை கேட்பேன். அவர் எழுதி அனுப்பியதும் எதிர்க்கட்டத்தை நிரப்ப ஆள் தேடுவேன். தேடல் என்பதுகூட மிகை. எப்போதும் அழைப்பது ஒருவரைத்தான். அவர் பணி ஓய்வு பெற்ற பொறியாளர். பாலம் கட்டியவர்; மழையைப் பற்றி நம்மைப் போல் குடைபிடித்த அறிவு மட்டும் உடையவர். ஆனால் தொலைபேசியை முதல் மணியிலேயே எடுப்பார்.

“எந்தப் பக்கம்னு மட்டும் சொல்லுங்க. வேணுமா, வேணாமா? எத்தனை வரி? பதினோரு மணிக்குள்ள உங்க மேசையில இருக்கும்.”

இருக்கும். ஒரு வரி கூடாது, குறையாது. ‘என் தாத்தா காலத்திலும் வெயில் அடித்தது’ என்ற ஒரே கருத்தை நான்கு விதமாக எழுதத் தெரிந்தவர். அடுத்த வாரம் அணுமின் நிலையம் பற்றிக் கேட்டால் அதிலும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் எழுதித் தருவார்.

பேராசிரியை மூன்று முறை பொறுத்தார். நான்காம் முறை அழைத்தபோது மறுத்துவிட்டார்.

“சார், நான் அளந்ததை எழுதுறேன். அவர் நெனச்சதை எழுதுறார். ரெண்டுக்கும் ஒரே அளவு கட்டம் போட்டா, படிக்கிறவங்க என்ன நெனப்பாங்க? இன்னும் முடிவாகாத விஷயம்னுதானே? அது முடிவாகலைன்னு நெனைக்க வச்சது நீங்கதான் சார்.”

“நாங்க எந்தப் பக்கமும் சேரக்கூடாதும்மா” என்றேன்.

“சேர வேணாம் சார். இல்லாத பக்கத்தை உண்டாக்காம இருங்க. அது போதும்.”

எனக்குக் கோபம் வந்தது. படித்தவர்களுக்கு மறுத்துப் பேசினால் ஆகாது என்று துளசிராமிடம் குறைபட்டுக்கொண்டேன். துளசிராம் எங்கள் பக்க வடிவமைப்பாளர். வீட்டில் சௌராஷ்டிரம், அலுவலகத்தில் அசல் மதுரைத் தமிழ். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் என்னிடம் உள்ளதை உள்ளபடி சொல்லக்கூடியவர் அங்கே அவர் ஒருவர்தான். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “அந்த அம்மா சொல்றது நெசந்தானண்ணே. நம்ம இஞ்சினியர் சாருக்கு ரெண்டு கையாலயும் எழுத வரும். ரெண்டு பக்கத்தையும் அவர்கிட்டயே குடுத்துட்டா நமக்கு வேலை மிச்சம்.” நான் சிரித்தேன். சிரித்துவிட்டு அதை அத்தோடு விட்டுவிட்டேன்.

இப்போது அந்தக் கடிதத்துக்கு வருகிறேன்.

கொட்டாம்பட்டிக்கு மேற்கே ஒரு சிற்றூரில், மலையடிவாரத்து மேட்டுநிலத்தை ஒரு நிறுவனம் வாங்கிச் சூரிய மின்நிலையம் அமைக்கத் திட்டமிட்டது. நிலம் பட்டா நிலம்; விற்றவர்கள் மனம் ஒப்பி விற்றிருந்தார்கள். அதில் சட்டச்சிக்கல் ஏதும் இல்லை. ஆனால் அந்த மேட்டின் ஓரமாக, மலையிலிருந்து ஊர்க் கண்மாய்க்கு மழைநீர் வரும் ஒரு கால் ஓடியது. ஓடை என்று சொல்லும் அளவுக்கு ஆழமில்லை. அரசாங்க வரைபடத்தில் அதற்குக் கோடும் இல்லை. மழை பெய்யும் நாளில் மட்டும் அது கால் என்று தெரியும். சுற்றிலும் மதில் எழுப்பினால் அந்தத் தண்ணீர் அடைபடும். கண்மாயை நம்பிய வயல்கள் அதன் பிறகு இல்லை.

ஊரில் பலருக்கு வேலை கிடைக்கும் என்ற ஆசை. சிலருக்கு அச்சம். ‘கொட்டாம்பட்டி வட்டாரத்தில் சூரிய மின்நிலையம் வேண்டுமா, வேண்டாமா?’ என்று அந்த வாரக் கேள்வியை வைத்தேன். ‘வேண்டும்’ கட்டத்துக்குப் பொறியாளர் புதன்கிழமை பதினோரு மணிக்கே எழுதிக் கொடுத்துவிட்டார். அதுவரை நிலக்கரி மின்சாரத்துக்கு ஆதரவாக எழுதிவந்தவர், சூரியனை ஒருநாளில் வழிபடத் தொடங்கியிருந்தார். ‘வேண்டாம்’ கட்டத்துக்கு வாரத் தொடக்கத்திலேயே பேராசிரியையைக் கேட்டிருந்தேன். “நான் எழுத மாட்டேன். ஆனா அந்த ஊர்ல என் மழைமானியைப் பாத்துக்கிற வெள்ளைச்சாமின்னு ஒரு விவசாயி இருக்கார். அவர் எழுதுவார். அவர் எழுதுறதை அப்படியே போடுங்க சார்” என்றார். அப்படியே என்ற சொல்லை அவர் இரண்டு முறை சொன்னதாக நினைவு.

பக்கம் முடியும் நாள் புதன். பிற்பகல் மூன்று மணிக்கு அவர் ஊர்க்காரர் ஒருவர் பேருந்தில் வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். கோடு போட்ட தாளில், இருபுறமும், பந்துமுனைப் பேனாவில் அழுத்தி எழுதிய எழுத்து. முதல் பக்கத்தில், கால் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அடைபட்டால் யார் யார் வயல் காயும் என்று எழுதியிருந்தார். பெயர் பெயராகச் சொல்லியிருந்தார். இரண்டாம் பக்கம் வேறு பேசியது. எனக்கு அது இன்றும் மனப்பாடம்:

‘இவ்வளவும் சொன்னதால் நாங்கள் சூரிய மின்சாரம் வேண்டாம் என்பவர்கள் இல்லை. மழை முன்பு போல இல்லை என்பதை நானே தினமும் அளந்து எழுதுகிறேன். முன்பு ஒரு மாதம் பெய்ததை இப்போது ஒரு சாயங்காலத்தில் கொட்டிவிட்டுப் போகிறது. கரி எரிப்பதைக் குறைத்தால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு விவசாயம் மிஞ்சும் என்று பேராசிரியர் அம்மா சொல்லியிருக்கிறார். ஆகையால் அந்த நிலையம் வரட்டும். ஒரே கொட்டாகக் கொட்டுகிற மழைக்கு இப்போதுதான் கால் அதிகம் வேண்டும். மதிலை மட்டும் இரண்டு பாகம், பன்னிரண்டு அடி, தள்ளிக் கட்டச் சொல்லுங்கள். இரண்டும் இருக்கட்டும்.’

படித்துவிட்டுத் துளசிராம் சொன்னார்: “அண்ணே, இது எந்தக் கட்டத்துலயும் உக்காராது. இந்தாளு ரெண்டையும் கேக்குறாரு. நடுவுல மூணாவதா ஒண்ணு போடுவமா?”

“எதிர்ப்பக்கம் முப்பத்தாறு வரி. இது எவ்வளவு?”

“அம்பத்தொம்பது.”

“மூணு கட்டம் போட்டா வழக்கம் போயிரும். நாளைக்கு எல்லாரும் மூணாவது கேப்பாங்க.”

“கேக்கட்டுமே.”

மணி நான்கு. பக்கம் ஐந்து மணிக்குப் போயாக வேண்டும். பேராசிரியையை அழைத்துக் கேட்டிருக்கலாம். கேள்வியை மாற்றியிருக்கலாம். ‘எப்படி அமைக்கலாம்?’ என்று ஒரு சொல்லை மாற்றியிருந்தாலே முழுக் கடிதத்துக்கும் இடம் வந்திருக்கும். எனக்கு அப்போது தெரிந்தது, ஐம்பத்தொன்பதிலிருந்து முப்பத்தாறைப் பெற இருபத்துமூன்று போக வேண்டும் என்பது மட்டும். இரண்டாம் பக்கம் ஏறக்குறைய இருபத்துமூன்று வரி இருந்தது. இது இறைவன் அமைத்துக் கொடுத்த வசதி என்றுகூட ஒரு கணம் எண்ணினேன். அதை இங்கே எழுத நாணுகிறேன், ஆனாலும் எழுதுகிறேன். நான் சேர்த்த பொய் ஒன்றுமில்லை. அவர் எழுதாத ஒரு சொல்லும் அச்சில் வரவில்லை. இரண்டாம் பக்கத்தை எடுத்தேன். ‘வேண்டாம்’ என்ற தலைப்பின் கீழ் முதல் பக்கத்தை வைத்தேன். அவ்வளவே.

துளசிராம் பக்கத்தை அனுப்பும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தார். “அனுப்பிரவாண்ணே?”

“அனுப்பு.”

ஞாயிறன்று வெளியானது. திங்களன்று ஒரு வருவாய்த்துறை அதிகாரி ஊரில் கூட்டம் வைத்திருந்தார். அந்தக் கூட்டம் பற்றி எனக்குத் தெரியாது. வெள்ளைச்சாமிக்குத் தெரியும், அதற்காகத்தான் அந்த வாரமே எழுதியிருக்கிறார்.

செவ்வாய்க் காலை அவர் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரைப் பார்ப்பது அதுவே முதல்முறை. ஐம்பது வயதிருக்கும், வெளுத்த சட்டை, தோளில் துண்டு. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. மடித்த பத்திரிகையை என் மேசைமேல் வைத்தார்.

“ஐயா, நான் ரெண்டு பக்கம் எழுதியிருந்தேன்.”

“இடம் போதலைங்க.”

“எம்புட்டு போதல?”

நான் அந்தப் பத்திரிகையை விரித்தேன்.

“நேத்து கூட்டத்துக்கு அந்த அதிகாரி இதைக் கையில வச்சுக்கிட்டே வந்தாருங்க. நல்ல மனுசன். மதிலைத் தள்ளச் சொல்லி கம்பெனிக்காரங்ககிட்ட பேசிப் பாப்போம்னு போன வாரம்தான் எங்கிட்டச் சொல்லியிருந்தாரு. நேத்து என்ன சொன்னாரு தெரியுமா? ‘மொத்தமாவே வேணாம்னு பேப்பர்ல எழுதியிருக்கீங்க. வேணாம்ங்கிற ஆளுக்காக நான் போயி எதைத் தள்ளி வைக்கச் சொல்ல?’ன்னாரு. நான் அப்படி எழுதலைங்கன்னேன். ‘கீழ உங்க பேருதான போட்டுருக்கு’ன்னாரு. எம் பேருதான். நான் எழுதுனதுதான். என்னத்தச் சொல்ல?”

பிறகு குரலைத் தாழ்த்தினார். “ஊருக்குள்ள பயலுக வேலை கெடைக்கும்னு இருக்காங்க. ‘மாப்ள, எங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டியே’ன்னு என் மச்சினனே சட்டையைப் புடிக்கிறான். அவனுக்கும் சேத்துத்தான்யா நான் வரட்டும்னு எழுதுனேன்.”

“நான் என்ன செய்யணும், சொல்லுங்க” என்றேன்.

“வெள்ளிக்கிழமை மதிலுக்குக் கல்லு ஊண்ட வாராங்க. அதுக்குள்ள அந்த ரெண்டாவது பக்கத்தை மட்டும் போட்டுருங்க. அதிகாரி படிச்சாருன்னா பேசுவாரு. அவரு கெட்டவரு இல்ல.”

உங்களிடம் நான் சொல்ல வந்தது இந்த இடத்தைத்தான். புதன்கிழமை செய்தது அவசரத்தில் செய்த பிழை என்று மன்னித்துக்கொள்ளலாம். செவ்வாய்க்கிழமை எனக்கு அவசரம் இல்லை. எதிரே மனிதர் நிற்கிறார். அவர் கேட்பது இருபத்துமூன்று வரி. மறுநாள் இதழில் அதற்கு இடமும் இருக்கிறது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“உங்களுக்கு இன்னொரு முறை இடம் கொடுத்தா, அவங்களுக்கும் கொடுக்கணும். நிறுவனத்துக்கு எழுதி விளக்கம் கேக்குறேன். பதில் வந்ததும் ரெண்டையும் சேர்த்துப் போடுறேன்.”

“அவுக பதில் போடலைன்னா?”

“போடுவாங்க.”

“அவுக எதுக்குங்கய்யா போடணும்? பேசாம இருந்தா அவுகளுக்குத்தான லாபம்?”

ஒரு விவசாயி மேசைக்கு முன்னால் நின்றபடி கண்டுபிடித்த ஓட்டையை, இரண்டு தலைமுறைப் பத்திரிகைக்காரர்கள் நாங்கள் கண்டுபிடிக்கவில்லை. மறுதரப்பு பேசும் வரை காத்திருப்போம் என்று வழக்கம் வைத்தால், பேசாமல் இருப்பவரே இதழை நடத்துபவர் ஆகிவிடுகிறார்.

நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். புதன் பதில் இல்லை. வியாழன் நினைவூட்டல் அனுப்பினேன். பேராசிரியை அழைத்தார். “சார், நாளைக்குக் காலையில கல்லு ஊண்டுறாங்க. அந்த மனுஷன் கேக்குறது ஒரு திருத்தம். திருத்தத்துக்கு யார் சம்மதம் வேணும்?” நான் இன்னும் ஒருநாள் பார்ப்போம் என்றேன். வெள்ளிக்கிழமை கல் ஊன்றினார்கள். நிறுவனத்தின் பதில் மூன்று வாரம் கழித்து வந்தது. ‘உள்ளூர் மக்களின் கருத்தை மதிக்கிறோம்’ என்று இரண்டே வரி. அதற்குச் சமமாக வெள்ளைச்சாமிக்கும் இரண்டு வரி கொடுத்து ஒரு மூலையில் வெளியிட்டேன். அதற்குள் மதில் இடுப்பளவு எழுந்திருந்தது.

தீங்கு அந்த ஊரோடு நிற்கவில்லை. ஒருநாள் தொலைக்காட்சி விவாதமொன்றில் நம் பொறியாளர் உட்கார்ந்திருந்தார். அந்த வாரம் அவருக்குக் கரிமின்சாரத்தின் பக்கம் கிடைத்திருந்தது. கையில் எங்கள் பத்திரிகையின் பக்கம். “சூரிய மின்சாரத்தை விவசாயிகளே வேணாம்னு சொல்றாங்க. இதோ, கொட்டாம்பட்டி விவசாயி ஒருத்தர் எழுதியிருக்கார். நடுநிலையான பேப்பர்ல வந்தது” என்று தூக்கிக் காட்டினார். கரியைக் குறைக்கச் சொல்லி எழுதிய மனிதரின் பெயர், கரிக்குச் சாட்சியாக ஊர் ஊராகப் போனது. என் கத்தரிக்கோலுக்கு அத்தனை நீளம்.

மறுநாள் காலை சன்னதியில் நின்றேன். இந்த ஊரின் பழங்கதை உங்களுக்குத் தெரியும். வைகைக் கரையை அடைக்கப் பிட்டுக்காக மண் சுமந்த இறைவன் முதுகில் விழுந்த பிரம்படி, அரசன் முதல் ஆண்டி வரை எல்லார் முதுகிலும் விழுந்தது என்பார்கள். என் சிறுவயதிலிருந்து அதைப் பாடி உருகியிருக்கிறேன். அன்று பாட வாய் வரவில்லை. நான் கொடுத்த அடி ஒருவர் முதுகில் விழுந்தது. அவர் முதுகோடு நின்றுவிட்டது. எனக்கு வலிக்கவில்லை. அந்த அதிகாரிக்கு வலிக்கவில்லை. பொறியாளருக்கு நிச்சயமாக வலிக்கவில்லை. பதிகம் ஓதாமலே வீட்டுக்கு வந்தேன்.

அடுத்த ஆண்டு ஐப்பசியில் அவர் எழுதியபடியே ஒரு சாயங்காலம் கொட்டித் தீர்த்தது. வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி முழங்கால் அளவு தண்ணீர் என்று நகரச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நான் கொட்டாம்பட்டி நிருபரை அழைத்து அந்தக் கண்மாயைப் பற்றிக் கேட்டேன். மலையிலிருந்து வந்த வெள்ளம் மதிலில் முட்டி, அதன் ஓரமாகவே ஓடி, நெடுஞ்சாலையை அறுத்துக்கொண்டு எங்கோ போய்விட்டது என்றார். கண்மாய்க்குள் கால் நனையும் அளவுக்குக்கூட நீர் இல்லை. “அம்புட்டு மழையிலயும் காஞ்சு கெடக்குண்ணே, பாத்தா நம்ப மாட்டீக” என்றார்.

அதன் பிறகு நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்ற சில வாரங்களில், பாவம் தீர்க்கக் கோவிலுக்குப் போவது போல, அந்த ஊருக்குப் போனேன். கையில் கடிதத்தின் அசல் இருந்தது. புதிய ஆசிரியரிடம் பேசி வைத்திருந்தேன். முழுக் கடிதத்தையும், என் பிழையை ஒப்புக்கொள்ளும் குறிப்பையும் வெளியிட அவர் இசைந்திருந்தார். எழுதியவரின் அனுமதி மட்டும் வேண்டும்.

வெள்ளைச்சாமி வீட்டில் இல்லை. மின்நிலையத்தில் இருப்பார் என்றார்கள். காவலாளி உள்ளே அனுப்பினார். வரிசை வரிசையாகக் கருநீலத் தகடுகள். வெயில் அவற்றின்மேல் பட்டுக் கண் கூசியது. ஒரு வரிசையின் நடுவே, நீண்ட கழியில் கட்டிய பஞ்சுத் துடைப்பானோடு அவர் நின்றார். மேலே நிறுவனத்தின் பெயர் போட்ட சட்டை.

“வாங்கய்யா. இம்புட்டுத் தூரம் எதுக்கு வந்தீங்க?”

“வயல்?”

“தரிசுதான். ரெண்டு போகம் பாத்தேன். மானத்தைப் பாத்துக்கிட்டே எத்தனை நாளைக்கு இருக்க? மச்சினந்தான் சொல்லி இங்க சேத்துவிட்டான். கண்ணாடியைத் தொடைக்கிற வேலை. தூசி படிஞ்சா கரண்டு வராதாம்ல. நெழல் இல்லைங்கிறதைத் தவிர கொறை ஒண்ணும் இல்ல.”

கடிதத்தை எடுத்துக் காட்டினேன். வந்த காரணத்தைச் சொன்னேன். முழுவதும் வெளியிடுகிறோம், தவறு என்னுடையது என்று எழுதுகிறோம், தாங்கள் சரி என்றால் போதும். என் குரல் எனக்கே கெஞ்சுவது போல் கேட்டது.

அவர் துண்டால் கையைத் துடைத்துவிட்டுத் தாளை வாங்கினார். இரண்டாம் பக்கத்தைத் திருப்பி, உதடு அசைய ஒருமுறை படித்தார். யாரோ எழுதியதைப் படிப்பது போலப் படித்தார்.

“வேணாங்கய்யா.”

“ஏன்?”

“மதிலைத் தள்ளிக் கட்டச் சொல்லி எழுதியிருக்கு. இந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நான் இதைச் சொல்லலாமா? இருக்கிற வேலையும் போயிரும். மதிலும் தள்ளப் போறதில்ல.”

“என்னை நீங்க திட்டியிருக்கணும், வெள்ளைச்சாமி. அன்னைக்கே.”

அவருக்கு உண்மையாகவே புரியவில்லை. முகத்தில் வியப்புத்தான் இருந்தது.

“உங்களை எதுக்குங்கய்யா திட்டணும்? நீங்க அவுக கிட்டயும் காசு வாங்கல, எங்க கிட்டயும் வாங்கல. ஊர்ல யாராச்சும் உங்களைப் பத்தித் தப்பாப் பேசுனாக்கூட நான் விடுறதில்ல. அந்த மனுசன் ஒரு பக்கமும் சாயாத ஆளுடா, அவரைச் சொல்லாதீகன்னுருவேன்.”

அவர் இதை நக்கலாகச் சொன்னார் என்று நீங்கள் நினைத்தால் என் சுமை கொஞ்சம் குறையும். நக்கல் ஒரு துளியும் இல்லை. தூரம் வந்த என்னை ஆறுதல்படுத்துவதற்காகச் சொன்னார்.

வாசல் பக்கம் ஒரு லாரி ஒலி எழுப்பியது. தகடு கழுவுவதற்குக் கொட்டாம்பட்டியிலிருந்து தண்ணீர் வந்திருந்தது.

“தண்ணி வந்துருச்சுங்கய்யா. நிக்க வச்சா அந்த டிரைவர் கத்துவான். நீங்க வெயில்ல நிக்காதீக. வாரேன்.”

தாளை மடித்து என் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். குழாயின் முனையை லாரியில் மாட்டி, தோளில் போட்டு இழுத்துக்கொண்டு முதல் வரிசைக்கு நடந்தார். நீர் தகட்டின் மேல் அகலமாகப் பரவி, தூசியை வாரிக்கொண்டு, விளிம்பில் சொட்டிப் புழுதியில் விழுந்தது. விழுந்த இடத்திலேயே காய்ந்தது. மதிலுக்கு அந்தப் புறம் கண்மாய் இருந்தது.